நாற்பதாம் நாள் சோறு

என் வாப்பாவை அடக்குவதற்கு எங்களுக்கு ஏறக்குறையச் செலவே ஆகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மையித்து விழுந்தால் குடும்பமே கடனாளியாகிவிடும் என்று யாராவது என்னிடம் வந்து பெருமூச்சு விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மையித்துக்கு என்ன செலவு? மூன்று துண்டு வெள்ளைத் துணி, கொஞ்சம் கற்பூரம், பன்னீர், ஒரு சவர்க்காரம். சுமந்துபோகும் சந்தூக்கு பள்ளிவாசலுடையது. கபுறுக் குழி வெட்டியவர்கள் எங்கள் குடியைச் சேர்ந்த இளைஞர்கள். வெட்டி முடித்துக் கைகால் கழுவி, ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்கள். கபுறுக்குள் மூடும் பலகையையும் துணியையும், வாப்பா மாதாமாதம் சந்தா கட்டிவந்த ஜனாஸாச் சங்கத்துக்காரர்கள் கேட்காமலே கொண்டுவந்து தந்தார்கள். விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன் மண்ணுக்குள் இருந்தார். இதற்குள் யாரும் எங்களிடம் ஒரு சதம் கேட்கவில்லை.

அதன் பிறகு மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியவில்லை. மையித்து வீட்டில் சமைக்க விடமாட்டார்கள். காலையில் இடியப்பமும் சொதியும் ஒரு வீட்டிலிருந்து வரும், பகலுக்குச் சோறும் மீன் ஆணமும் இன்னொரு வீட்டிலிருந்து வரும். பாத்திரத்தைத் திருப்பி வாங்குவதற்குக்கூட அவசரப்படாத சனங்கள். இப்படி ஓர் ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அந்த மூன்று நாளும் நினைத்து நினைத்து அழுதேன். அந்த நினைப்பு எனக்கு நாற்பது நாள்கூட நிலைக்கவில்லை.

கல்முனைப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களிடத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை சாரமும் சட்டையுமாகப் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் ஒருவனுக்குப் பெண் பிள்ளை பிறந்தால், அன்றிலிருந்தே அவனுக்குக் கல், மண், மரம் என்பதுதான் யோசனை. நான் மூத்தவள். என் கல்யாணத்தோடு இருந்த வீட்டை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் தங்கச்சியும் அதே வீட்டின் பின் அறைக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். தங்கச்சிக்கு ஒரு வீடு எழும்பும்வரைக்கும் என்ற கணக்கு அது. நான் அப்போது ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த வீடும் இருந்தது, சம்பளமும் இருந்தது. தங்கச்சியிடம் வாப்பா மட்டும்தான் இருந்தார்.

வளவின் பின்பக்கத்தில் அவளுடைய வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வாப்பா சவளக்கடைப் பக்கம் குத்தகைக்குச் செய்துவந்த வயல், இனப்பிரச்சினைக் காலத்தில் இரண்டு மூன்று வருடம் யாரும் போகமுடியாமல் காடு பற்றிக் கிடந்தது. மீண்டும் போகத் தொடங்கிய பிறகு, ஒரு போகத்துக்குக் கல், ஒரு போகத்துக்குச் சீமெந்து, ஒரு போகத்துக்கு முதிரை மரம் என்று சேர்த்தார். கடைசிச் சிறுபோக நெல்லை விற்று ஓடு இறக்கினார். வேலியோரம் அடுக்கி, மேலே கிடுகு போட்டு மூடி, தினமும் காலையில் எழும்பியதும் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். சுவர் கூரை மட்டத்துக்கு வந்திருந்தது. மாரி தொடங்குமுன் ஓடுகளை ஏற்றிவிடுவது என்று கூரை வேலை செய்யும் ஓடாவியிடம் நாளும் குறித்தாகிவிட்டது.

அவளுக்குக் கல்யாணமும் பேசியிருந்தது. மாப்பிள்ளை கந்தோரில் எழுதுவினைஞர். நல்ல பிள்ளை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவருடைய உம்மா வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, அறைகளை எட்டி அளந்து, கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கூர ஏறின கிழமையே நிக்காஹ வச்சிருவம்.” தங்கச்சி அன்று குசினிக்குள் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

ஓடு இறக்கிப் பத்து நாளில் வாப்பா போய்விட்டார்.

இப்போது பெரியவாப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வாப்பாவின் மூத்த சகோதரர். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்தார். அவர் கெட்டவர் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள், நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. அவருக்கு ஒரேயொரு விஷயத்தில் அபார ஞாபகசக்தி இருந்தது. யாருடைய கத்தத்துக்கு எத்தனை மாடு அறுத்தார்கள், எத்தனை சகன் தட்டு வைத்தார்கள், யார் வீட்டு நெய்ச்சோற்றில் நெய் இருந்தது, யார் வீட்டில் எலும்பைப் போட்டு ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் இருபது வருடத்துக்கு அவருக்கு மனப்பாடம். தன் பேரப்பிள்ளைகளின் வயதைக் கேட்டால் தடுமாறுவார்.

கத்தம் என்பது மௌத்தானவரின் பேரில் குர்ஆன் ஓதி ஊருக்குச் சாப்பாடு கொடுப்பது. மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாளெல்லாம் ரொட்டியும் வாழைப்பழமும் கஞ்சியுமாகச் சிறிதாக நடந்தன. அவை என் சம்பளத்துக்குள் அடங்கின. நாற்பதாம் நாள்தான் பெரியது. ஏழைகளுக்குக் கொடுத்தால் அதன் நன்மை மையித்துக்குப் போய்ச் சேரும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். ஆனால் எங்கள் ஊர் நாற்பதாம் நாள்களில் நான் பார்த்த ஏழைகள், கடைசிப் பந்தி முடிந்து கேட்டுக்கு வெளியே பேணியோடு நின்றவர்கள் மட்டுமே.

இருபதாவது நாளோ இருபத்தோராவது நாளோ, அஸருக்குப் பிறகு பெரியவாப்பா, பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பையையும் கூட்டிக்கொண்டு வந்தார். விறாந்தையில் பாய் விரித்தோம். என் கணவரும் அவர்களோடு உட்கார்ந்தார். உம்மா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். கணவனின் கூடப்பிறந்தவரும் அதில் அந்நியர்தான். எங்கள் உம்மாக்கள் அதற்கு மேலே ஒரு படி போய், அந்த நாட்களில் குரலைக்கூட வெளியே விடமாட்டார்கள். அறை வாசலில் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். அதற்கு உள்பக்கம் உம்மா கட்டிலில் இருந்தார். நானும் உள்ளே, துணிக்குப் பக்கத்தில் நின்றேன்.

“என்ட தம்பி சும்மா ஆளில்ல,” என்று பெரியவாப்பா தொடங்கினார். “பள்ளிக்குப் பாய் வாங்கிக் குடுத்தவன். நாப்பதுக்கு நாலு ரொட்டியச் சுட்டு வச்சா ஊரு நம்மளப் பத்தி என்ன கதைக்கும்?”

“காசு எங்கால மாமா?” என்றார் என் கணவர். அவருக்கு மெல்லிய குரல். மாப்பிள்ளையாக வந்த வீட்டில் அதற்கு மேல் அவர் உயர்த்தியதே இல்லை.

“நாங்க சகோதரங்கள் ஆளுக்கொரு பங்கு போடுவம். மிச்சத்துக்கு வளவுக்குள்ளயே கிடக்குதே மருமகன். ஓடும் மரமும் சும்மாதானே கிடக்கு.”

லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஓடு பொறகும் வாங்கலாம். நாப்பதாம் நாள் ஒருக்காத்தான் வரும்.”

உள்ளே உம்மா நிமிர்ந்தார். வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினார். இல்லை என்று, இரண்டு பக்கமும், பலமாக. என்னைப் பார்த்து ஆட்டினார்.

“புள்ள, உங்களுக்குச் சம்மதம்தானே?” என்று பெரியவாப்பா துணியைப் பார்த்துக் கேட்டார்.

உம்மா மறுபடி தலையை ஆட்டினார். கண்ணீர் கன்னத்தில் வழிந்து, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வெளியே போயிருக்கவேண்டும்.

“அழுறா,” என்றார் பெரியவாப்பா, இரக்கத்தோடு. “சத்தம் வரல்லதானே. அப்ப சம்மதம்தான். நிக்காஹ்வுக்குப் பொண்ணுக்கிட்ட கேக்கக்குள்ளயும் இப்பிடித்தானே?”

“ஓம் ஓம்,” என்றார் லெப்பை. “பேசாம இரிந்தா சம்மதம்தான்.”

கன்னிப்பெண் வெட்கப்பட்டு மௌனமாக இருப்பதற்குச் சொன்ன சட்டத்தை, ஐம்பது வயது விதவையின் அழுகைக்கு எடுத்துப் போட்டு அளந்துவிட்டார்கள். இரண்டு பேரும் எழும்பித் தேநீரைக் குடித்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு முழத் துணி. நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் அடக்கும் தொண்டை என்னுடையது. ‘உம்மா வேணாம் எண்டு செல்றா’ என்று சொல்ல எனக்கு இத்தா இல்லை, தடை இல்லை, ஒன்றுமில்லை. நான் சொல்லவில்லை. வாப்பாவுக்குப் போகிற நன்மைக்குக் கணக்குப் பார்த்த மகள் என்று பெயர் வந்துவிடுமே என்று பயந்தேன். கேவலம், அவ்வளவுதான் காரணம். இதற்கு அலங்காரமாக வேறு காரணம் சொல்லப் பலமுறை முயன்றிருக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. குசினிக்குள் தங்கச்சி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாமே கேட்டிருக்கும். துருவும் சத்தம் நிற்கவில்லை.

இரண்டாம் நாளே உழவு இயந்திரப் பெட்டி வந்து நின்றது. வாங்கியவர் பெரியவாப்பாவுக்குத் தெரிந்த ஒரு கட்டடச் சாமான் வியாபாரி. நாற்பதாம் நாளுக்காக விற்கிறார்கள் என்று தெரிந்தால் எந்த வியாபாரி நியாயமான விலை கொடுப்பான்? வாப்பா வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. ‘மையித்துக் காரியம், அதனாலதான் இவ்வளவு போட்டுத் தாறன்’ என்று அந்த மனிதர் சொன்னபோது எனக்கு அவருடைய முகத்தில் துப்பவேண்டும் போலிருந்தது. துப்பாமல் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதிரை மரத்தையும் ஏற்றினார்கள். உடைந்த ஓடுகள் மட்டும் வேலியோரம் மிஞ்சின. சகோதரங்களின் பங்கு என்று ஒருவரிடமிருந்து ஒரு பை வெங்காயம் வந்தது. மற்றவர்கள் பங்கைப் பற்றி மறந்துபோனார்கள், நாங்களும் கேட்கவில்லை.

நாற்பதாம் நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம். விடியற்காலையில் அறுத்த மாட்டின் மணம், அதற்கு மேல் நெய், அதற்கு மேல் பன்னீரும் சாம்பிராணியும். எல்லாம் ஒன்றாய்க் கலந்து வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டது. முன் விறாந்தையில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேரின் கண் பின்வளவில் இருந்தது. அவசர அவசரமாக ஓதி முடித்தார்கள். துஆவின்போது மட்டும் எல்லோருடைய ‘ஆமீன்’களும் நல்ல பலமாக இருந்தன.

சமையலையும் பந்தியையும் வைத்த இடம் தங்கச்சியின் வீடு. சுவர் இருந்தது, கூரை இல்லை. அதற்கு மேலே வாடகைக்குக் கூடாரத் துணி எடுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த அறைகளுக்குள் பாய் விரித்து, சகனைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து ஊரே தின்றது. இறைச்சி வெந்தது காணாது என்றார்கள். சோறு குழைந்துவிட்டது என்றார்கள். யாரோ ஒருவருடைய கத்தத்தில் கத்தரிக்காய்ப் பாலாணம் இதைவிடத் திறம் என்று வாப்பாவின் கூட்டாளி ஒருவர் பல்லைக் குத்திக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். கத்தம் மார்க்கத்தில் இல்லாத வேலை என்று வெள்ளிக்கிழமைகளில் துண்டுப்பிரசுரம் கொடுத்துத் திரிந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவர், ஓதும்போது வராமல் பந்திக்குச் சரியாக வந்தார். கொள்கைப் பிடிப்பு!

போன வெள்ளிக்கிழமை ஜும்மாவில் அநாதைகளின் சொத்தைத் தின்பது வயிற்றில் நெருப்பை நிரப்புவது என்று மிம்பர் மேடையில் நின்று குரல் தழுதழுத்த லெப்பை, முதல் சகனில் முதல் ஆளாக இருந்தார். தங்கச்சி வயது வந்தவள், சட்டப்படி அவள் அநாதை இல்லை. அந்த நுணுக்கமெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும், ஆகவே நிம்மதியாகத் தின்றிருப்பார்.

மாப்பிள்ளையின் உம்மா தன் சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு வந்தார். சம்பந்தி வீடு என்று தனியாகச் சகன் வைத்து, நானே நின்று பரிமாறினேன். “ஈரல் கொஞ்சம் வைங்க மகள்,” என்றார். வைத்தேன். மாப்பிள்ளைக்கு அன்று கந்தோரில் வேலையாம், அதனால் அவருக்கும் வீட்டில் இருக்கிற வேறு சிலருக்கும் என்று கையோடு கொண்டுவந்த சொப்பின் பையை விரித்துப் பிடித்தார். அதையும் நிரப்பினேன். போகும்போது உம்மாவின் கையைப் பிடித்து, “அல்லாஹ் கபூல் செய்யட்டும், நல்ல திருப்தியா இரிந்திச்சி,” என்று சொன்னார்.

எல்லோரும் போனபின் வளவைப் பார்த்தேன். எலும்பு, வாழைப்பழத் தோல், கசக்கி எறிந்த கடதாசி, அதற்கு மேல் காகம். நாய்கள் தங்கச்சியின் வீட்டு அறைகளுக்குள் போய் வந்துகொண்டிருந்தன. சிவப்புச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கை துடைத்த எண்ணெய். ஐந்து விரலும் பதிய அழுத்தித் துடைத்திருந்தார்கள். நான் வாளியில் சாம்பலைக் கரைத்துக்கொண்டுவந்து தேய்த்தேன். பூசாத கல் எண்ணெயைக் குடித்துவிட்டது, போகவில்லை. ஊருக்குள் இரண்டு கிழமை எங்கள் கத்தத்தைப் பற்றிச் சோக்கான கதை நடந்தது. பெரியவாப்பா கடைத்தெருவில் அதைக் கேட்டுவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லுவார். ‘தம்பிக்கு மரியாதயச் செஞ்சிட்டம்’ என்பார்.

கார்த்திகையில் மாரி பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மாரி என்றால் வானம் ஒரு கிழமைக்குக் கண் திறக்காது. கூடாரத் துணியை என்றோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூடாத சுவரின் தலைக்கட்டில் தண்ணீர் இறங்கி, சாந்து கரைந்து, சிவப்பாக வளவெல்லாம் ஓடியது. அந்த வீட்டுப் பின் அறையின் ஒரு சுவர் சரிந்தது. தங்கச்சி சன்னலுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பாள். அழமாட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அந்த மழையில் ஒருநாள் பகல் மாப்பிள்ளையின் உம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்கள் இத்தா அறைக்குள் வரலாம் என்பதால் உம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

“மகனுக்கு வேற எடத்துல கேக்குறாங்க மச்சி. ஊடு கட்டி முடிச்சிரிக்காங்க. நாங்களும் எத்தின நாளைக்குப் பாத்துக்கு இரிக்கிற? கூர இல்லாத ஊட்டுக்குள்ள எப்பிடிப் புள்ளய அனுப்புற, நீங்களே செல்லுங்க.”

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோதே சொல்லாதவள் நான்.

தங்கச்சி குசினியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். கல்யாணம் பேசிய பெண், மாமிக்கு முன்னால் வந்து நிற்பதே எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அவள் சத்தமாகப் பேசவில்லை.

“மாமி, கூர இரிந்திச்சி. அதத்தானே நாப்பதாம் நாள் வந்து திண்டுட்டுப் போன நீங்க. மகனுக்கும் பையில கொண்டு போனீங்க. உப்பெல்லாம் அளவா இரிந்திச்சா மாமி?”

மாப்பிள்ளையின் உம்மா எழும்பினார். தேநீரைக் குடிக்காமல் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். ஊருக்குள் போய் வாயாடிப் பெண் என்று சொன்னார், அது சீக்கிரம் பரவியது. அதற்குப் பிறகு எவரும் அவளைக் கேட்டு வரவில்லை.

அவர் போனதும் தங்கச்சி என் பக்கம் திரும்பினாள்.

“ராத்தா, நீங்களும் திண்டீங்கதானே?”

“ஓம்,” என்றேன்.

தின்றிருந்தேன். எல்லோரும் போய், சாம்பல் வாளியைக் கீழே வைத்தபிறகு, பசி தாங்காமல் அண்டாவின் அடியில் பிடித்திருந்த சோற்றை அகப்பையால் சுரண்டி, ஒட்டியிருந்த இறைச்சியோடு நின்றபடியே தின்றேன். ருசியாக இருந்தது. அன்று வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காதவர்கள் இரண்டு பேர்தான், உம்மாவும் அவளும். அது எனக்கு அவள் கேட்டபோதுதான் உறைத்தது.

அடுத்த வருடம் தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தன் கூரைக்கு ஓடு வாங்க. அவளை நாங்கள் என் வீட்டு விறாந்தையில் நின்று வழியனுப்பினோம்.